எட்டுத் தடவையா, எட்டுத் தூணா? சிப்பை எழுதும் மொழி

போன கோடையில் ஒரு ஞாயிறு காலை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரு எஃப்.பி.ஜி.ஏ. போர்டு, அதாவது நாம் எழுதித் தரும் சர்க்யூட்டாகவே மாறிக்கொள்ளும் சிப் உள்ள பலகை. போர்டிலிருந்து, மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஒரு ரிலேவுக்கு ஒயர். தொட்டி நிரம்பி, மேல் சென்சாரைத் தண்ணீர் தொட்டதும் ரிலே 'டக்டக்டக்டக்' என்று அடிக்க ஆரம்பித்தது. கீழே மோட்டார் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது. "மோட்டார எரிச்சுடாதீங்க" என்று அம்மா கீழேயிருந்து சத்தம் போட, ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"சிமுலேஷன்ல சரியா வந்துச்சேண்ணா" என்றாள் அந்த மாணவி. நெல்லிக்குப்பத்துப் பெண். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சிப் சரிபார்ப்பு வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் கடலூருக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் லேப்டாப்போடு வருவார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் சி மொழி நன்றாகத் தெரியும். எல்லோரும் முதலில் தடுக்கி விழுகிற இடமும் ஒன்றேதான். அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போனில், டிவி ரிமோட்டில், மின் மீட்டரில் இருக்கும் சிப்புகளின் தர்க்கத்தை இன்று யாரும் கையால் வரைவதில்லை. எழுதுகிறார்கள். அதற்கென்று இருக்கும் மொழிகளில் அதிகம் புழங்குபவை வெரிலாக், அதன் வளர்ந்த வடிவமான சிஸ்டம்வெரிலாக், வி.எச்.டி.எல். ஆகியவை. மொத்தமாக ஹார்டுவேர் விவரிப்பு மொழிகள் என்பார்கள். 'விவரிப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும்.

வெரிலாக் பார்ப்பதற்கு சி மாதிரியே இருக்கும். இஃப் உண்டு, எல்ஸ் உண்டு, ஃபார் உண்டு, கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் அதேதான். இந்த ஒற்றுமைதான் ஆரம்பத்தில் காலை வாரிவிடுகிறது. சி புரோகிராம், ஏற்கெனவே கட்டி முடித்த ஒரு கணினியிடம் சொல்லும் வேலை: இதைச் செய், அப்புறம் அதைச் செய். வெரிலாக் எழுதும்போது அந்தக் கணினியே இன்னும் பிறக்கவில்லை. என்னென்ன பாகங்கள் இருக்க வேண்டும், எது எதோடு சேர வேண்டும் என்று எழுதுகிறோம். சிப் தயாரானதும் அத்தனை பாகமும் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். ஃபைலில் எந்த வரி மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது.

என் அப்பா மேஸ்திரி. முதுநகர்ப் பக்கமும் மஞ்சக்குப்பத்திலும் அவர் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவர் கையில் இருந்த வீட்டு பிளானை நினைத்துக்கொண்டுதான் நான் வெரிலாக்கைப் புரிந்துகொண்டேன். பிளானில் சமையலறை முதலில் வரைந்திருக்கிறதா, படுக்கையறை முதலில் வரைந்திருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? இரண்டும் வீட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஃபார் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் எட்டு முறை சுற்றும் லூப் எழுதினால் ஒரே வேலை எட்டுத் தடவை, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். அதையே வெரிலாக்கில் எழுதி சிப்பாக மாற்றச் சொன்னால், எழுத்தைச் சர்க்யூட்டாக மாற்றும் மென்பொருள், அதாவது டூல், அந்த வேலையைச் செய்யும் சர்க்யூட்டை எட்டுப் பிரதி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். எட்டுத் தடவை தூக்கு என்று நாம் சொல்ல நினைத்தோம், எட்டுத் தூண் வந்து நின்றுவிட்டது. எட்டு என்றால் பரவாயில்லை. ஒரு மாணவர் ஆயிரத்து இருபத்து நான்கு சுற்று லூப்புக்குள் ஒரு பெருக்கலை வைத்திருந்தார். டூல் மூச்சு முட்டி நின்றபோது, லேப்டாப் பழசு என்று நினைத்துக்கொண்டார். அவர் கேட்டது ஆயிரத்து இருபத்து நான்கு பெருக்கல் எந்திரம். அது அவருக்கே தெரியவில்லை.

ஒரு கூட்டல் குறிக்கும் விலை உண்டு. '+' என்று ஒரு எழுத்து போட்டால், அந்த இடத்தில் ஒரு கூட்டி சர்க்யூட் உட்காரும். அது எப்படிப்பட்டது என்பதை நாம் கேட்கும் வேகம் முடிவு செய்யும். மெதுவாக இருந்தால் போதும் என்றால், வலது ஓரத்துப் பிட்டிலிருந்து மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கடத்தும் சின்னக் கூட்டி. வேகம் வேண்டும் என்றால், மிச்சம் வருமா வராதா என்று முன்கூட்டியே கணக்குப் போடும் பெரிய கூட்டி. எழுதிய வரி ஒன்றே, சிலிக்கானில் பிடிக்கும் இடம் வேறு வேறு.

சரி, எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தால் ஒழுங்கு எங்கிருந்து வரும்? இதற்கு நான் எப்போதும் சொல்வது தளம் போடும் நாள்தான்.

மிக்சர் கீழே ஓடிக்கொண்டிருக்கும். சாரத்திலும் படியிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். வேலை நன்றாக நடக்கிற இடத்தில் ஒரு தாளம் இருக்கும். யாராவது ஒருவர் குரல் கொடுப்பார், அந்தக் குரலுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அசைவார்கள். தன் கையில் இருப்பதை மேலே நிற்பவரிடம் கொடுத்து, கீழே நிற்பவர் நீட்டுவதை வாங்குவார்கள். ஒரு குரலுக்குச் சட்டி ஒரு கை மட்டுமே ஏறும். சிப்புக்குள் அந்தக் குரல்தான் கிளாக். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்: அடுத்த குரல் வரும்வரை கையில் உள்ளதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிட் நினைவு. வகுப்பில் எல்லோரும் வாய்விட்டுப் படிக்கும் 'ஆல்வேஸ் அட் போஸ்எட்ஜ் கிளாக்' என்ற வரிக்கு அர்த்தம் இதுதான். கிளாக் கீழிருந்து மேலே எழும் ஒவ்வொரு கணமும் இது நடக்கட்டும்.

வெரிலாக்கில் மதிப்பைக் கொடுக்க இரண்டு குறிகள் உண்டு. வெறும் சமக்குறி ஒன்று, சிறியது என்ற குறியும் சமக்குறியும் சேர்ந்தது இன்னொன்று. முதலாவதை பிளாக்கிங் என்றும் இரண்டாவதை நான்-பிளாக்கிங் என்றும் சொல்வார்கள். தேர்வுக்கு இதன் இலக்கணத்தை மனப்பாடம் செய்பவர்கள் நிறைய. தளம் போடும் வரிசையில் வைத்துப் பார்த்தால் மனப்பாடமே வேண்டாம். நான்-பிளாக்கிங் என்றால், குரல் வந்த கணத்தில் கீழே நிற்பவர் கையில் என்ன இருந்ததோ அதை வாங்கு. எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள், அப்புறம் எல்லோரும் சேர்ந்து மாற்றிக்கொள்கிறார்கள். பிளாக்கிங் என்றால், முதல் ஆள் வாங்கி முடித்த பிறகு இரண்டாம் ஆள் அவரிடம் வாங்குவார், பிறகு மூன்றாம் ஆள். இப்படி எழுதினால் ஒரே குரலில் ஒரே சட்டி அடியிலிருந்து தளம் வரை போய்விடும். வரிசையில் எல்லோர் கையிலும் ஒரே மதிப்பு. டூல் இதைப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் ஒன்றுதானே இருக்கிறது என்று மூன்று ஃபிளிப்-ஃபிளாப்புக்குப் பதில் ஒன்றை மட்டும் வைக்கும். வரிகளின் இடத்தை மாற்றினால் விடையும் மாறும். கிளாக்குக்குக் கட்டுப்பட்ட இடத்தில் நான்-பிளாக்கிங் மட்டும் போடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். இந்த ஒரு பழக்கம் பாதித் தலைவலியைக் குறைக்கும்.

இந்த வரிசை இன்னும் ஒன்றையும் சொல்லித் தரும். குரல் வருவதற்குச் சற்று முன்பே சட்டி கைக்கு எட்டியிருக்க வேண்டும். குரல் வந்த பிறகும் ஒரு கணம் அசையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு அவகாசங்களுக்கும் செட்டப், ஹோல்டு என்று பெயர். 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக் என்றால் ஒரு குரலுக்கும் அடுத்ததற்கும் இடையில் 20 நானோ நொடி. அதற்குள் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் கிளம்பிய சிக்னல், நடுவில் உள்ள கூட்டல், ஒப்பீடு எல்லாவற்றையும் தாண்டி அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பின் வாசலில் வந்து நிற்க வேண்டும். இரண்டு ஆட்களுக்கு நடுவே தூரம் அதிகம் என்றால் என்ன செய்வோம்? குரலை மெதுவாக்கலாம், ஆனால் அப்போது மொத்த வேலையும் மெதுவாகும். நடுவில் இன்னொரு ஆளை நிறுத்தலாம். முதல் சட்டி மேலே சேர ஒரு குரல் கூடுதலாகும், ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சட்டி வந்துகொண்டே இருக்கும். இன்றைய ப்ராசசர்களின் வேகத்துக்குப் பின்னால் இருக்கும் பைப்லைன் என்ற உத்தி, அடிப்படையில் இவ்வளவுதான்.

இப்படி எழுதும் பழக்கம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பலாம். 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004இல் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதைக் கையாலேயே வரைந்தார்கள், ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி அச்சு செய்தார்கள். 1978இல் 8086க்கு 29,000. 1985இல் 80386க்கு 2,75,000. 1989இல் 80486 வந்தபோது 12 லட்சம். கையும் கண்ணும் இதற்கு ஈடுகொடுக்காது. அதனால் சர்க்யூட் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லி, கணினியில் ஓட்டிப் பார்க்கும் மொழிகள் தேவைப்பட்டன. கேட்வே என்ற அமெரிக்க நிறுவனத்தில் 1984 வாக்கில் ஃபில் மூர்பியும் பிரபு கோயலும் வெரிலாக்கை உருவாக்கினார்கள். அதே பத்தாண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வேறொரு கவலையில் இருந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்துகொடுத்த சிப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தால்தானே, பின்னால் அதே சிப்பை இன்னொருவரிடம் செய்யச் சொல்ல முடியும்? அந்தக் கவலையில் பிறந்தது வி.எச்.டி.எல். 1987இல் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பின் தரநிலையானது. வெரிலாக் 1990இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, 1995இல் தரநிலையானது. சிஸ்டம்வெரிலாக் 2005இல் தரநிலையானது.

முதலில் இந்த மொழிகள் ஓட்டிப் பார்ப்பதற்குத்தான். எழுத்தைப் படித்து டூலே கேட்டுகளாக, அதாவது ஒன்று-பூஜ்யம் கணக்கைச் செய்யும் மிகச் சிறிய சர்க்யூட்டுகளாக, மாற்றித் தரும் சிந்தசிஸ் பிறகுதான் பரவியது. 1986இல் தொடங்கிய சினாப்சிஸ் அதில் முன்னோடி. என்னைக் கேட்டால் உண்மையான திருப்பம் இந்த இடம்தான். எழுதினவர் கேட்டுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, சிப்பின் நடத்தையைப் பற்றி யோசிக்க முடிந்தது. பழைய பழக்கம் ஒன்று மட்டும் எச்சமாகத் தங்கிவிட்டது. ஓட்டிப் பார்க்க மட்டும் உதவி, சிப்பாக மாறவே மாறாத வரிகள் மொழிக்குள் இன்னும் இருக்கின்றன. 'ஹேஷ் பத்து' என்று எழுதினால் சிமுலேட்டர் பத்து அலகு நேரம் காத்திருக்கும். சிந்தசிஸ் டூல் அதைக் கண்டுகொள்ளாது. மோட்டார் ஓடுவதற்கு முன் ஐந்து நொடி காத்திருக்க ஹேஷ் போட்ட பையன்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சிலிக்கானுக்குக் காத்திருக்கத் தெரியாது. கிளாக்கை எண்ணும் ஒரு கவுன்டரை நாம்தான் கட்டித் தர வேண்டும்.

இப்போது தொட்டிக்கு வருவோம்.

அந்த மாணவியின் முதல் வடிவம் ஒரே வரி: மேல் சென்சார் நனையவில்லை என்றால் மோட்டார் ஓடட்டும். சிமுலேஷனில் அவள் கொடுத்த உள்ளீடு சுத்தமாக ஒருமுறை பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போனது. அதனால் எல்லாம் சரியாக இருந்தது. நிஜத் தொட்டியில் குழாயிலிருந்து விழும் தண்ணீர் அலை அடிக்கிறது. சென்சார் நனைகிறது, காய்கிறது, நனைகிறது. ரிலேவும் கூடவே ஆடுகிறது.

"ரெண்டு சென்சார் வைக்கலாம்ணா" என்றாள். கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழ் சென்சார் காய்ந்தால் ஓடு, மேல் சென்சார் நனைந்தால் நில், இடையில் இருந்தால் இதுவரை என்ன செய்தாயோ அதையே செய். சரியான யோசனை. 'இதுவரை செய்ததையே செய்' என்பதற்கு நினைவு வேண்டும். அவள் எழுதியது: கீழ் காய்ந்தால் மோட்டார் ஒன்று, இல்லையென்றால் மேல் நனைந்தால் மோட்டார் பூஜ்யம். அதோடு நிறுத்திவிட்டாள். கடைசி எல்ஸ் இல்லை, கிளாக்கும் இல்லை. டூல் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை காட்டியது: லாட்ச் உருவாகிறது.

இந்த எச்சரிக்கையை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எந்தச் சந்தர்ப்பத்துக்கு நாம் பதில் எழுதவில்லையோ, அங்கே பழைய மதிப்பையே வைத்துக்கொள்வதாக மொழி எடுத்துக்கொள்ளும். பழைய மதிப்பை வைத்துக்கொள்ள டூலுக்குத் தெரிந்த வழி, லாட்ச் என்ற நினைவு உறுப்பை நுழைப்பது. கிளாக்கின் குரலுக்கு இது காத்திருக்காது. கதவு திறந்திருக்கும் நேரம் முழுக்க, வருவதையெல்லாம் உள்ளே விடும். உள்ளீட்டில் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு துடிப்பு வந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே நினைவு வேண்டும் என்பது தற்செயலாக அவள் விருப்பமும்கூட. மற்ற இடங்களில் மறதியால் வரும் லாட்ச், யாரும் கேட்காத நினைவு. அதனால் வேண்டும் என்கிற நினைவைக் கிளாக் போட்ட ஃபிளிப்-ஃபிளாப்பில் வை, வேண்டாத இடத்தில் எல்ஸை எழுதி மூடு என்றேன்.

மாற்றி எழுதினாள். ஓட்டிப் பார்த்தால், சிக்னல்களின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் வேவ்ஃபார்மில் மோட்டார் வரி முழுக்கச் சிவப்பு. எக்ஸ். அதாவது, ஒன்றா பூஜ்யமா என்று தெரியாது. மின்சாரம் வந்த கணத்தில் ஃபிளிப்-ஃபிளாப் எந்த நிலையில் கண் விழிக்கும் என்று அவள் சொல்லவில்லை. தொட்டி பாதியில் இருந்தால் இரண்டு நிபந்தனைகளும் பொருந்தாது, ஆகவே தெரியாதது தெரியாததாகவே தொடரும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப நாள் கணக்கில் ஆனது. வந்த பிறகும் சில நாள், வருவதும் போவதுமாக இருந்தது. அந்த மாதிரி ஊரில் மோட்டார் கண்ட்ரோலர் எழுதுபவர், ரீசெட்டை மறக்கவே கூடாது. கரண்ட் வந்ததும் மோட்டார் நின்ற நிலையில் எழட்டும் என்று ரீசெட் எழுதினோம். எஃப்.பி.ஜி.ஏ.வில் ஃபிளிப்-ஃபிளாப்புகள் பெரும்பாலும் பூஜ்யத்தில்தான் எழும். அதனால் இந்தத் தவறு போர்டில் தெரியாமலே போகலாம். தனிச் சிப்பாகச் செய்தால் அந்த உறுதி கிடையாது.

அடுத்தது சென்சார் ஒயர். மாடியிலிருந்து கீழே வரை நீளமான ஒயர். மோட்டார் ஓடும்போது அதில் இரைச்சல் ஏறும். முன்பு ஒரு பொய்த் துடிப்பு வந்தால் ரிலே ஒருமுறை ஆடிவிட்டுப் போகும். இப்போது நினைவு இருப்பதால், மேல் சென்சாரில் ஒரே ஒரு பொய்த் துடிப்பு போதும். மோட்டார் நின்று, தொட்டி அடி காயும்வரை ஓடாது. நினைவு வைத்துக்கொள்ளும் சர்க்யூட்டுக்குப் பொய் சொன்னால் விலை அதிகம். இதற்கு இரண்டு வேலை செய்தோம். வெளியிலிருந்து வரும் சிக்னலுக்கு நம் கிளாக்கின் தாளம் தெரியாது. தெருவில் போகிறவர் வரிசைக்குள் சட்டியை வீசுவதுபோல் அது எப்போது வேண்டுமானாலும் வரும், அரைப்பிடியாகச் சிக்கும். அதனால் வாசலில் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகளை அடுத்தடுத்து வைத்து நிலைப்படுத்தினோம். அதன் பின் 20 பிட் கவுன்டர் ஒன்று. 50 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு சுற்று முடிக்க 10,48,576 கிளாக், அதாவது சுமார் 21 மில்லி நொடி. அவ்வளவு நேரம் மாறாமல் இருந்தால்தான் சென்சார் சொல்வதை நம்புவது.

இரண்டு சென்சார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை, மொத்தம் நான்கு சேர்க்கைகள். நான்காவதை அவள் சோதிக்கவே இல்லை: கீழ் காய்ந்திருக்கிறது, மேல் நனைந்திருக்கிறது. "அப்படி ஆகவே ஆகாதேண்ணா." தண்ணீருக்கு ஆகாது, ஒயருக்கு ஆகும். கீழ் சென்சாரின் ஒயரை எலி கடித்தால், அது எப்போதும் காய்ந்ததாகவே சொல்லும். அவள் எழுதிய வரிசையில் கீழ் சென்சாருக்கு முன்னுரிமை. தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. இரண்டு வரிகளை இடம் மாற்றினோம், மேல் சென்சார் சொல்வது முதலில் என்று.

நான்கு சேர்க்கை என்றால் உட்கார்ந்து பார்த்துவிடலாம். இரண்டு 32 பிட் எண்களைக் கூட்டும் சர்க்யூட்டுக்கு எத்தனை? இரண்டின் 64ஆம் அடுக்கு. நொடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும் 584 ஆண்டுகள் ஆகும். சிப் வேலையில் உழைப்பின் பெரும்பங்கு எழுதுவதற்குப் போவதில்லை, எழுதியது சரியா என்று பார்ப்பதற்கே போகிறது என்பதன் காரணம் இதுதான். சாஃப்ட்வேரில் தவறு இருந்தால் அப்டேட் அனுப்பலாம். சிப்பில் தவறு இருந்தால் சிப்பை அச்சிடப் பயன்படும் மாஸ்க்குகளை மறுபடி செய்ய வேண்டும், புதுச் சிப் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், முன்னணித் தொழில்நுட்பம் என்றால் செலவு பல கோடி ரூபாய். 1994இல் இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தலுக்கான அட்டவணையில் 1,066 இடங்களில் ஐந்து விடுபட்டிருந்தன. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்களைப் பற்றிக் கணக்குப் போடும்போது விடை இடிப்பதைக் கவனித்தார். சிப்புகளை மாற்றித் தர இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. சர்க்யூட் சரி என்பதைக் கணித முறையில் நிரூபிக்கும் ஃபார்மல் சரிபார்ப்பில் பெரிய நிறுவனங்கள் அதன் பிறகு தீவிரமாக இறங்கின.

என் கையிலும் ஒன்று தப்பியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு நிறுவனத்தில் பதினாறு இடம் உள்ள ஒரு ஃபிஃபோவைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. ஃபிஃபோ என்றால் முதலில் வந்தது முதலில் போகும் கிடங்கு. ஒருவர் செங்கல்லை அடுக்குகிறார், இன்னொருவர் எடுத்துக்கொண்டே இருக்கிறார். நிரப்பிப் பார்த்தேன், காலி செய்து பார்த்தேன், தாறுமாறாகப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். ஆனால் சோதனைக்கு உள்ளீடு கொடுக்க நான் எழுதிய நிரல், அதாவது டெஸ்ட்பெஞ்ச், கிடங்கு நிரம்பியிருந்தால் அனுப்பாமல் காத்திருக்கும். பக்கத்து சர்க்யூட் அப்படிக் காத்திருக்கவில்லை. நிரம்பியிருக்கும்போது ஒன்று வெளியே போகிற அதே கிளாக்கில், இடம் வந்துவிட்டது என்று நம்பி ஒன்றை உள்ளே தள்ளியது. கிடங்கு அதை வாங்கவில்லை. தள்ளியவருக்கு அது தெரியவும் இல்லை. சிப் வந்து சேர்ந்த பிறகு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தகவல் காணாமல் போனது. கண்டுபிடிக்க மூன்று வாரம். சாஃப்ட்வேரில் வேகத்தைக் குறைத்துச் சமாளித்தார்கள். அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் இல்லை. அதன் பிறகு எந்த டெஸ்ட்பெஞ்ச் எழுதினாலும், பக்கத்து சர்க்யூட் எவ்வளவு மோசமாக நடந்துகொள்ளலாம் என்பதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

எழுத்து சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிந்திய பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிந்தசிஸ் டூல் அதைக் கேட்டுகளின் பட்டியலாக, அதாவது நெட்லிஸ்ட்டாக மாற்றும். இந்தக் கேட்டுகள் ஃபேக்டரி முன்கூட்டியே வரைந்து தரும் ஸ்டாண்டர்டு செல்கள். ஹாலோ பிளாக் கல் மாதிரி எல்லாம் ஒரே உயரம், அகலம் மட்டும் வேறு. வரிசை வரிசையாக அடுக்கி, மேலே உலோக அடுக்குகளில் ஒயர் இழுத்து, நேரக் கணக்கு இடிக்கிறதா, ஃபேக்டரியின் விதி எங்காவது மீறப்படுகிறதா என்று பார்த்து, கடைசி வடிவத்தை அனுப்புவார்கள். எஃப்.பி.ஜி.ஏ. என்றால் இந்தக் கடைசிப் பகுதி வேண்டாம். இணைப்புகளை மாற்றி மாற்றி அமைக்கக்கூடிய ஆயத்த சிப் அது, விற்பனைக்கு 1985இல் சைலிங்ஸ் கொண்டுவந்தது. தவறு செய்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல சிலேட்டு கிடையாது.

வெரிலாக்கா, வி.எச்.டி.எல்.ஆ என்று எப்போதும் கேட்பார்கள். இந்தியாவில் வேலைக்கு வெரிலாக்கும் சிஸ்டம்வெரிலாக்கும்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் அதில் தொடங்குங்கள். ஆனால் வி.எச்.டி.எல்.லின் கறார் எனக்குப் பிடிக்கும். அறிவிக்காத பெயரைப் பயன்படுத்தினால் அது உடனே நிறுத்திக் கேட்கும். வெரிலாக்கில் ஒரு ஒயரின் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டால், பல இடங்களில் அது அந்தப் பெயரில் ஒரு பிட் ஒயர் ஒன்றைத் தானாகவே உருவாக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். ஃபைலின் தலையில் 'டீஃபால்ட் நெட்டைப் நன்' என்று ஒரு வரி போட்டால் இந்தத் தொல்லை நிற்கும். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்துகொண்டு இதைப் படிக்க முடியுமா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நான் படித்த காலத்தில் லைசென்ஸ் உள்ள டூல் இல்லாமல் ஒன்றும் நடக்காது. லேபில் நாலு கணினியில்தான் இருக்கும், அதற்கும் வரிசை. இப்போது ஓட்டிப் பார்க்க ஐகாரஸ் வெரிலாக், வெரிலேட்டர், வேவ்ஃபார்ம் பார்க்க ஜி.டி.கே.வேவ், சிந்தசிஸுக்கு யோசிஸ் எல்லாம் இலவசம். எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் ஓடும். 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் செல்களையும் விதிகளையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டன. அதுவரை ரகசிய ஒப்பந்தம் போடாமல் கண்ணால்கூடப் பார்க்க முடியாத விஷயம் அது. பல பேருடைய சின்னச் சின்ன வடிவமைப்புகளை ஒரே சிப்பில் சேர்த்துச் செய்து தரும் டைனி டேப்அவுட் 2022இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழு உருவாக்கிய சக்தி ப்ராசசரின் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அது புளூஸ்பெக் என்ற இன்னும் மேல்நிலை மொழியில் எழுதப்பட்டது. 2018இல் அதன் ஒரு வடிவம் மொகாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் சிப்பாகவும் வந்தது. மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டம் 85,000 பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்து, கல்லூரிகளுக்கு விலையுயர்ந்த டூல்களையும் எட்டும்படி செய்கிறது. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் போய்க் கேளுங்கள், தயங்காதீர்கள்.

மாணவர்களிடம் நான் வேண்டிக் கேட்பது ஒன்று. ரெக்கார்டு நோட்டில் ஃபுல் ஆடர் புரோகிராமைப் பார்த்து எழுதிவிட்டு, வந்த வேவ்ஃபார்மை ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். அதற்கு முன் ஒரு காகிதத்தில் பெட்டி போட்டு வரையுங்கள். எத்தனை ஃபிளிப்-ஃபிளாப், எவை, நடுவில் என்ன கணக்கு என்று. பிறகு யோசிஸிடம் எழுத்தைக் கொடுத்து, அது எண்ணிச் சொல்லும் ஃபிளிப்-ஃபிளாப்புகளோடு உங்கள் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். இடித்தால் அங்கே ஏதோ புரியவில்லை. அந்த இடித்த இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு செமஸ்டர் படித்ததைவிட அதிகம் புரியும்.

அந்த மாணவி அப்படித்தான் செய்தாள். மூன்று வாரம் கழித்து மறுபடி மாடிக்குப் போனோம். காகிதத்தில் அவள் எண்ணியது 45: இரண்டு சென்சாருக்கும் வாசலில் இரண்டிரண்டு, ஆளுக்கொரு 20 பிட் கவுன்டர், மோட்டாருக்கு ஒன்று. டூல் சொன்னது 47. அந்த இரண்டு எங்கிருந்து வந்தன என்று படிக்கட்டில் உட்கார்ந்து அவளே கண்டுபிடித்தாள். கவுன்டர் நம்பி ஏற்றுக்கொண்ட சென்சார் மதிப்பைப் பிடித்து வைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் எழுதியிருந்தாள், காகிதத்தில் வரைய விட்டுவிட்டாள். தொட்டி நிரம்பியது. அலை அடித்தது. ரிலே ஒரே ஒருமுறை 'டக்' என்றது, மோட்டார் நின்றது. அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கீழ சம்ப்புல தண்ணியே இல்லன்னா இது என்ன பண்ணும்?" என்று கேட்டார். அவள் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, மூன்றாவது சென்சாருக்கு ஒரு பெட்டி வரைய ஆரம்பித்தாள்.